நேரக்கணக்கில் ஓடும் பழைய பின்பால் எந்திரம்: சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று பந்து, ஐந்து பந்து என்று எண்ணி ஆடும் பின்பால் எந்திரத்தில் ஒரு சுவிட்ச் கொஞ்சம் மந்தமாக இருந்தால் ஆடுபவருக்குப் பொறுமைதான் குறையும். நேரக்கணக்கு எந்திரத்தில் அப்படியில்லை. அங்கே பந்துக்கு எண்ணிக்கை கிடையாது. கடிகாரம் ஓடும்வரை பந்து திரும்பத் திரும்ப வரும், கடிகாரம் நின்றால் ஆட்டம் முடியும். கீழே தவறி விழுந்த பந்து அங்குள்ள குழியில் இரண்டு நொடி தங்கினால் அந்த இரண்டு நொடியும் ஆடுபவரின் கணக்கிலிருந்து போகிறது.

புதிதாக இந்த எந்திரம் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். "நேரம் சரியாக ஓடவில்லை" என்று நேராகக் கடிகாரத்தைக் கழற்றிவிடுகிறார்கள். கடிகாரத்தில் தெரியும் கோளாறு பாதிக்கு மேல் வேறிடத்தில் பிறந்ததாக இருக்கும்: அழுக்கான பிளக், திரும்பாத பந்து, சோர்ந்த ஃப்ளிப்பர் (பொத்தானை அழுத்தினால் பந்தை மேலே அடிக்கும் கரம்). அதனால் இந்த வழிகாட்டியில் கடிகாரம் பத்தாவது படியாகத்தான் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்த வகை எந்திரம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் 1973இல் வெளியிட்ட 'ட்ராவல் டைம்' போன்றவை முழுக்க ரிலே (மின்காந்தம் இழுத்து இயக்கும் சுவிட்ச்), மோட்டார், சுவிட்ச் ஆகியவற்றால் இயங்குபவை. சிப் எதுவும் கிடையாது. மோட்டாரின் சுழற்சியிலிருந்து துடிப்பு எடுத்து, ஒவ்வொரு துடிப்புக்கும், நேரத்தை எண்ணும் பாகமான நேர யூனிட் ஒரு படி நகரும்.

1980இல் வந்த 'பிளாக் நைட்' போன்றவை சிப் வைத்தவை. பலர் சேர்ந்து ஆடும்போது அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கடைசியில் நேரக்கணக்கில் ஒரு போனஸ் பந்து தரும். ஆட்டம் முழுவதுமே நேரத்தில் ஓடும் பிற்காலத்து எந்திரம் என்றால் 1996இன் 'ஸேஃப் கிராக்கர்'. பேலி என்ற நிறுவனப் பெயரில் 1,148 எந்திரங்கள்தான் வெளிவந்தன.

இந்த வழிகாட்டி முதல் வகைக்கு எழுதப்பட்டது. கையால் சரிசெய்ய வேண்டியது அதில்தான் அதிகம். ஸேஃப் கிராக்கர் வைத்திருப்பவர்கள் 3, 8, 12 ஆகிய பகுதிகளைப் படித்தால் போதும்.

வகை தெரிந்தவுடன் மின்சுற்று வரைபடத்தைத் தேடி எடுங்கள். எந்திரத்தின் அடிப்பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்கள். இல்லையென்றால் அதே மாடலின் நகல் வாங்குங்கள். வரைபடம் இல்லாமல் ரிலேக்களைத் தொடுவது இருட்டில் முடிச்சு அவிழ்ப்பது போல. ஆடுதளத்தின் மூலையில் இருக்கும் குறிப்பு அட்டையையும் படியுங்கள். கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும், எந்த இலக்கு நேரம் கூட்டும் அல்லது நிறுத்தும் என்பதை அதுதான் சொல்லும். இது தெரியாமல், சரியாக ஓடும் எந்திரத்தைக் கோளாறு என்று நினைத்துக் கழற்றியவர்கள் உண்டு.

2. கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், முதலைக் கிளிப் வைத்த ஒயர் நான்கைந்து, சுவிட்ச் தகடு வளைக்கும் கருவி, கான்டாக்ட் தேய்க்கும் மெல்லிய வளையும் அரப்பட்டை, டங்ஸ்டன் கான்டாக்ட்டுக்குச் சின்ன உலோக அரம், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பச்சைத் தேய்ப்பு நார், விசிட்டிங் கார்டு போன்ற கெட்டி அட்டை, நிறுத்துக் கடிகாரம் (மொபைல் போதும்), இரசமட்டம், சாய்வுமானி.

புதிதாக வாங்க வேண்டியவை: ரப்பர் வளையம் முழு செட், காயிலுக்குள் (மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தண்டை இழுக்கும் கம்பிச்சுருள்) போகும் நைலான் குழாய்கள், ப்யூஸ்கள், 47ஆம் எண் பல்ப் ஒரு பெட்டி, புதிய எஃகுப் பந்து. பந்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், எடை 80 கிராம். பழைய பந்து பளபளப்பாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஆடுதளத்தின் பெயின்ட்டை உப்புத்தாள் போல அரிக்கும்.

47ஆம் எண் பல்ப் ஏன்? பழைய 44ஆம் எண் பல்ப் 250 மில்லியாம்பியர் இழுக்கும், 47 இழுப்பது 150 மட்டுமே. சூடு குறைந்தால் பின்கண்ணாடியின் பெயின்ட் உரிவது தள்ளிப்போகும்.

வாங்கக் கூடாதது ஒன்று: எல்லாவற்றுக்கும் அடிக்கும் துரு நீக்கும் ஸ்ப்ரே. அது தூசியைப் பிடித்து வைத்துச் சில மாதங்களில் பசையாகிவிடும். எளிதில் தீப்பிடிக்கும் திரவம், தீப்பொறி தட்டும் சுவிட்ச் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கக் கூடாது.

3. பிளக் செருகுவதற்கு முன்

முதலில் மின்வடத்தைப் பாருங்கள். பழைய அமெரிக்க எந்திரங்கள் பலவற்றில் இரண்டு கம்பி வடம்தான் இருக்கும், எர்த் இருக்காது. மூன்று கம்பி வடம் போட்டு, எர்த் கம்பியை டிரான்ஸ்பார்மர் சட்டம், காசுக் கதவு, முன்பக்கம் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பூட்டுப் பட்டை, பக்கவாட்டு உலோகப் பட்டை ஆகிய நான்கிலும் இணையுங்கள். ஆடுபவரின் இரண்டு கையும் எப்போதும் உலோகத்தின் மேல்தான் இருக்கும். இதைத் தள்ளிப்போட இடமில்லை.

அடுத்து ப்யூஸ். ஒவ்வொன்றையும் கழற்றி, அருகில் ஒட்டிய சீட்டில் உள்ள மதிப்போடு ஒப்பிடுங்கள். 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 20 ஆம்பியர் இருந்தால், முன்பு யாரோ ஒரு ஷார்ட்டைக் கண்டுபிடிக்காமல் மூடிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். ப்யூஸ் பிடிக்கும் கிளிப் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தளர்ந்த கிளிப் சூடாகும், வோல்டேஜ் விழும், காயில் எல்லாம் சோர்ந்து அடிக்கும்.

மூன்றாவது, எந்திரம் எந்த மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது? அமெரிக்கச் சந்தைக்குச் செய்ததை இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் எங்கே செருகினாலும் 230 வோல்ட் அதைச் சில நொடியில் எரித்துவிடும். வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம், 500 விஏக்குக் குறையாமல் வாங்குங்கள். ஏற்றுமதிக்குச் செய்த எந்திரமாக இருந்தால் உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மரிலேயே வோல்டேஜ் மாற்றும் முனைகள் இருக்கலாம், வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மட்டுமே மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. நேரக்கணக்கு எந்திரத்தில் இது பெரிய விஷயம், 11ஆம் படியில் விரிவாக வருகிறது.

4. பிளக்குகளும் சுவிட்ச் கான்டாக்ட்களும்

இனி 6ஆம் படிவரை மின்சாரம் தேவையில்லை. பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, கண்ணில் படும்படி எந்திரத்தின் மேலேயே போட்டு வையுங்கள்.

தலைப்பெட்டியையும் அடிப்பெட்டியையும் இணைக்கும் பெரிய பல்முனை பிளக்குகள் ஐம்பது ஆண்டுக் காற்றில் கறுத்துப் போயிருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஆண் முனைகளை நாரால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம், இடம் மாறிவிடும். மாயமாக வந்து மாயமாக மறையும் கோளாறுகளில் பல இந்த அரைமணி நேர வேலையிலேயே தீர்ந்துவிடும்.

பிறகு தகடு சுவிட்சுகள். இவற்றில் இரண்டு உலோகம் உண்டு. ரிலேக்களிலும் ஆடுதள இலக்குகளிலும் இருப்பது பெரும்பாலும் வெள்ளி. அதற்கு வளையும் அரப்பட்டையால் இரண்டே இழுப்பு, பிறகு ஆல்கஹாலில் நனைத்த அட்டையைக் கான்டாக்ட்டுக்கு நடுவே வைத்து ஓர் இழுப்பு. அட்டையில் கறுப்புக் கோடு விழுவது நிற்கும்வரை செய்யுங்கள். ஃப்ளிப்பரிலும் அதிக மின்சாரம் போகும் இடங்களிலும் இருப்பது டங்ஸ்டன். அது கடினமானது, அதற்குத்தான் உலோக அரம். வெள்ளியை உலோக அரத்தால் தேய்த்தால் கான்டாக்ட்டே கரைந்துபோகும். உப்புத்தாள் இரண்டுக்குமே வேண்டாம், மணல் துகள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைத் தடுக்கும்.

இடைவெளி: திறந்த நிலையில் இருக்கும் சுவிட்சுக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர். மூடும்போது தகடுகள் தொட்டதோடு நிற்காமல் கொஞ்சம் சேர்ந்தே நகர வேண்டும். அந்த உரசல்தான் கான்டாக்ட்டைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. நீளத் தகட்டை வளைக்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் குட்டையான தாங்கு தகட்டை வளையுங்கள். அடுக்கை இறுக்கும் திருகுகளை முதலில் முறுக்கிப் பாருங்கள். தளர்ந்த அடுக்கில் எத்தனை முறை இடைவெளி வைத்தாலும் நிற்காது.

ஓர் எச்சரிக்கை. வேலை செய்கிற சுவிட்சை வளைக்க வேண்டாம். புதியவர்கள் ஆர்வத்தில் நூறு சுவிட்சையும் 'சரி' செய்துவிட்டு, எது முன்பு சரியாக இருந்தது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். சுத்தம் செய்வது எல்லாவற்றுக்கும், வளைப்பது கோளாறு உறுதியானதற்கு மட்டும்.

5. நேர யூனிட்: கழற்றி, துடைத்து, எண்ணிப் பூட்டுதல்

வேலையில் மிக நுணுக்கமான பகுதி இது. அவசரப்படாதீர்கள். இங்கே செய்வது சுத்தம் மட்டும்தான், கடிகாரத்தைச் சரிபார்ப்பது பிறகு.

நேர யூனிட் ஒரு படிநகர்த்தி. பேக்லைட் தட்டில் வட்டமாகச் செம்பு அல்லது பித்தளைக் குமிழ்கள் பதித்திருக்கும். நடுவே அச்சில் சுற்றும் விரல் போன்ற தகடுகள் அந்தக் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லும். ஒரு காயில் இழுத்தால் கொக்கி ஒரு பல்லைத் தள்ளும், விரல் அடுத்த குமிழுக்குப் போகும். திரும்பும் வழி மாடலுக்கு மாடல் வேறுபடும்: சிலவற்றில் சுருள்வில் ஒரே வீச்சில் தொடக்கத்துக்கு இழுத்துவிடும், சிலவற்றில் இன்னொரு காயில் ஒவ்வொரு படியாகத் திருப்பும்.

கழற்றுமுன் நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். விரல்கள் எந்தக் குமிழில் நிற்கின்றன என்று பென்சிலால் குறியுங்கள். சுருள்வில்லை விடுவிக்கும்போது அது எத்தனை சுற்று அவிழ்கிறது என்று எண்ணி எழுதுங்கள். இதுதான் எல்லோரும் மறக்கும் இடம். குறைவாகச் சுற்றினால் யூனிட் தொடக்கத்துக்குத் திரும்பாது. அதிகமாகச் சுற்றினால் காயில் தள்ள முடியாமல் திணறி, படிகளை விட்டுவிடும்.

தட்டைத் துடைக்கும்போது அதன் நிறத்தைக் கவனியுங்கள். குமிழ்களுக்கு இடையே பழுப்பு நிறத்தில் பசை கட்டியிருக்கும். பழைய கிரீஸும் உலோகத் தூளும் சேர்ந்த அது மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு குமிழ்களை அது இணைத்துவிட்டால் 20 காட்ட வேண்டிய இடத்தில் 20, 19 இரண்டு விளக்கும் எரியும். ஆல்கஹாலும் நாரும் கொண்டு பசை முழுக்கப் போகும்வரை தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். விரல்களின் முனையையும் அப்படியே. முனையில் பள்ளம் விழுந்திருந்தால் மெல்ல வளைத்து, குமிழின் நடுவில் உட்காரும்படி செய்யுங்கள்.

அச்சிலும் கொக்கியின் முளையிலும் பழைய கிரீஸை முழுக்க எடுத்துவிட்டு, அச்சுக்கு மெல்லிய எந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். குமிழ்த் தட்டில் எண்ணெய் வேண்டாம். காயிலுக்குள் இருக்கும் இரும்புத் தண்டுக்கும் வேண்டாம். அதன் நைலான் குழாயை மாற்றினாலே வழுக்கிக்கொண்டு போகும்.

பூட்டியபின் விரலால் தண்டை அழுத்தி ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் 'டக்' என்று ஒரே மாதிரி சத்தம் வர வேண்டும். எந்தப் படியிலாவது சத்தம் மந்தமானால் அங்கே பல் தேய்ந்திருக்கிறது, அல்லது விரல் ஏதோ ஒரு குமிழின் ஓரத்தில் இடிக்கிறது. பிறகு கொக்கியை விடுவித்துப் பாருங்கள். கடைசிப் படியிலிருந்து தயங்காமல் தொடக்கத்துக்கு வர வேண்டும். முதல் இரண்டு மூன்று படியிலிருந்து விட்டும் சோதியுங்கள். வில்லின் இழுப்பு மிகக் குறைவாக இருப்பது அங்கேதான், அங்கிருந்து திரும்பினால்தான் சுற்று போதும் என்று பொருள்.

மற்ற படிநகர்த்திகளையும் இதே போலச் செய்யுங்கள். ஆனால் ஒன்றை முழுக்கப் பூட்டி முடித்த பிறகே அடுத்ததைக் கழற்றுங்கள்.

6. ஃப்ளிப்பர்

சோர்ந்த ஃப்ளிப்பர் உள்ள நேரக்கணக்கு எந்திரத்தில் ஆடுபவர் மேலே ஏற்ற முடியாத பந்தோடு நொடிகளைத் தொலைப்பார். "நேரம் போதவில்லை" என்ற புகார் பல இடங்களில் இதுதான்.

அக்கால வில்லியம்ஸ் ஃப்ளிப்பர் காயில்களில் பரவலாகக் காணும் எழுத்து எஃப்எல்-21-375/28-400. ஒரே காயிலில் இரண்டு சுற்று இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது: அடிக்கும் சுற்று 21 கேஜ் (கம்பியின் தடிமன் எண், எண் கூடினால் கம்பி மெலியும்) கம்பியில் 375, தாங்கிப் பிடிக்கும் சுற்று 28 கேஜில் 400. ஃப்ளிப்பர் முழுக்க எழும்பியதும் பக்கத்தில் இருக்கும் முனைச் சுவிட்ச் திறந்து மெல்லிய சுற்றையும் சேர்த்துவிடும். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாலும் காயில் எரியாமல் இருப்பது இதனால்தான்.

அந்தச் சுவிட்ச் ஓய்வில் நன்றாக மூடியிருக்க வேண்டும், ஃப்ளிப்பர் எழும்பி முடியும் தறுவாயில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் திறக்க வேண்டும். ஓய்வில் சரியாக மூடாவிட்டால் அடி சோரும். எழும்பியும் திறக்காவிட்டால் காயில் புகையும். அரத்தால் தேய்த்து இரண்டையும் சரிபாருங்கள்.

பிறகு நைலான் குழாயை மாற்றுங்கள். தண்டின் முனை காளான் போல விரிந்திருந்தால் அரம் போட்டு நேராக்குங்கள், அல்லது புதியது போடுங்கள். இணைப்புப் பட்டையில் ஆட்டம் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

7. முதல் மின்சாரமும் ரீசெட்டும்

பந்தைக் குழியில் வைத்துவிட்டு எந்திரத்தைப் போடுங்கள். கை சுவிட்சிலேயே இருக்கட்டும். ஒரு காயில் விடாமல் இழுத்துப் பிடித்தாலோ கருகல் வாசனை வந்தாலோ உடனே நிறுத்துங்கள்.

ஆட்டத்தைத் தொடங்கும்போது புள்ளிச் சக்கரங்கள் பூஜ்யத்துக்கு வரும், நேர யூனிட் தொடக்க நிலைக்குப் போகும், பந்து எறிபாதைக்கு வரும், மோட்டார் நிற்கும். பழைய எந்திரங்களில் அடிக்கடி நடப்பது மோட்டார் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது. மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். "இன்னும் முடியவில்லை" என்று ஏதோ ஒரு சுவிட்ச் அதற்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எந்த ரிலே இழுத்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். ரீசெட் ரிலே நின்றால், பூஜ்யத்துக்கு வந்தும் சுவிட்ச் திறக்காத புள்ளிச் சக்கரம் எது என்று தேடுங்கள். சக்கரங்கள் எல்லாம் பூஜ்யத்தில் இருந்தும் ஓடினால் நேர யூனிட்டின் தொடக்க நிலைச் சுவிட்சைப் பாருங்கள்.

சந்தேகப்படும் சுவிட்சை உறுதிசெய்ய மின்சாரத்தை நிறுத்தி மல்டிமீட்டரில் பாருங்கள். கண்ணுக்குத் திறந்ததாகத் தெரியும் சுவிட்ச் பின்பக்கம் அடுக்கில் தொட்டுக்கொண்டிருக்கலாம். இன்னொரு சுற்று வழியாகவும் மீட்டர் தொடர்பு காட்டும், அதனால் ஒரு முனையின் ஒயரைக் கழற்றிவிட்டு அளப்பது நல்லது.

8. எந்திரத்தை நிறுத்திவைக்கும் சாய்வு

ரிலே எந்திரங்களுக்குச் சாய்வு 3.5 டிகிரி. ஸேஃப் கிராக்கர் காலத்து எந்திரங்களுக்கு 6.5. சாய்வுமானியை ஆடுதளத்தின் மேல் வையுங்கள், பெட்டியின் விளிம்பிலோ கண்ணாடியிலோ வேண்டாம். அவை ஆடுதளத்துக்கு இணையாக இருக்கும் என்ற உறுதி இல்லை. இடவலம் இரசமட்டத்தில் நடுவில் நிற்க வேண்டும்.

சாய்வு கூடினால் பந்து வேகமாக இறங்கும், குழிக்கு அடிக்கடி போகும். திரும்பி வரும் நேரமெல்லாம் கணக்கில் ஏறும். சாய்வைக் குறைத்தால் எறிபாதைக்கே பந்து சரியாக உருளாது. கடிகாரத்தைத் தொடாமலேயே ஆட்டத்தின் உண்மையான நீளம் மாறுவது இப்படித்தான்.

9. பந்து திரும்பும் வழி

நேரக்கணக்கு எந்திரத்தின் உயிர் இங்கே இருக்கிறது. பந்து குழியில் விழுந்த நொடியிலிருந்து எறிபாதையில் வந்து நிற்கும் நொடிவரை நிறுத்துக் கடிகாரத்தில் அளவெடுங்கள். பத்து முறை அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வர வேண்டும். ஒன்பது முறை வேகமாக வந்து ஒருமுறை தடுமாறினாலும் கோளாறு இருக்கிறது.

சரிபார்க்கும் வரிசை:

குழிச் சுவிட்ச். பந்தின் எடையால் மூடுவது இது. பந்து நேர்நடுவில் உட்கார்ந்தால் மட்டும் மூடுகிறதா, எந்தப் பக்கமாகச் சாய்ந்து நின்றாலும் மூடுகிறதா? இரண்டாவதுதான் சரி. பந்தை விரலால் இடமும் வலமும் உருட்டிச் சோதியுங்கள்.

உதைக்கும் காயில். உதை சோர்ந்தால் பந்து பாதி வழி போய்த் திரும்பிக் குழிக்கே வரும், மறுபடி உதை, மறுபடி திரும்பல். ஒவ்வொரு தடுமாற்றமும் ஆடுபவரின் நேரம். குழாயை மாற்றி, தண்டின் முனையைச் சீர்செய்து, உதைகரத்தின் முளையில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வலுவான காயிலுக்குத் தாவ வேண்டாம், அசல் காயில் சுத்தமாக இருந்தால் போதும்.

குழியின் விளிம்பு. பல ஆண்டு உதையில் மரம் தேய்ந்து உதடு போலப் பள்ளம் விழுந்திருக்கும், பந்து அங்கே சிக்கும். மெல்லிய உலோகத் தகடு வைத்து மூடலாம்.

ரிலே வரிசை. சில எந்திரங்களில் போனஸ் எண்ணி முடிந்த பிறகே உதை வரும். அது வடிவமைப்பு, கோளாறு இல்லை. அந்த நேரத்தில் கடிகாரம் நிற்க வேண்டுமா ஓட வேண்டுமா என்பதை வரைபடத்தில் பார்த்து எழுதி வையுங்கள். பத்தாம் படியில் அது தேவைப்படும்.

10. இப்போது கடிகாரம்

ஆட்டத்தைத் தொடங்கி, முதல் எண் நகர்ந்த கணத்தில் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துங்கள். ஃப்ளிப்பர் செத்துப்போகும் கணத்தில் மறுபடி அழுத்துங்கள். குறைந்தது ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் மொத்த நேரத்தை மட்டுமல்ல, எங்காவது எண் தாவியதா, நின்றதா என்பதையும் எழுதுங்கள். இதற்கு இருவர் தேவை: ஒருவர் எண்ணைப் பார்க்க, ஒருவர் எழுத.

ஐந்து அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோளாறின் முகவரி அதில் இருக்கிறது.

ஐந்தும் ஒரே அளவு, ஆனால் நீளமாக இருக்கிறது: துடிப்பு தரும் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது. காரணம் கியர்பெட்டியில் உறைந்த கிரீஸ், அல்லது அடுத்த படியில் சொல்லப்போகும் அலைவெண். கியர்பெட்டியைத் திறந்து பழைய கிரீஸை எடுத்து, புது லித்தியம் கிரீஸ் சிறிதளவு பூசுங்கள்.

எப்போதும் ஒரே எண்ணில் தடுமாறுகிறது: அந்தப் படியில் பல் தேய்வு, அல்லது அந்தக் குமிழில் அழுக்கு. ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணில் தடுமாறுகிறது: துடிப்புச் சுவிட்சின் கான்டாக்ட் அழுக்கு, அல்லது கொக்கியின் சிறு வில் தளர்ந்திருக்கிறது. மோட்டாரின் சக்கரத்தில் ஏறி இறங்கும் அந்தச் சுவிட்ச் உச்சியில் நிற்கும்போது முழுக்க மூடுகிறதா என்று மோட்டாரைக் கையால் சுழற்றிப் பாருங்கள், சுற்றும் திசையில் மட்டும்.

ஒரு துடிப்புக்கு இரண்டு படி தாவுகிறது: சுவிட்ச் மூடும்போது துள்ளுகிறது, அல்லது யூனிட்டில் தடுப்புக் கொக்கி பல்லைப் பிடிக்கவில்லை. இரண்டாவதுதான் அதிகம்.

பூஜ்யம் வந்தும் ஃப்ளிப்பர் உயிரோடு இருக்கிறது: யூனிட்டின் பூஜ்ய நிலைச் சுவிட்ச் திறக்கவோ மூடவோ இல்லை. அதனால் ஆட்டமுடிவு ரிலே நிலை மாறவில்லை.

எண் அப்படியே நிற்கிறது: முதலில் குறிப்பு அட்டை. முதல் புள்ளி விழுந்த பிறகே ஓடும் எந்திரமாக இருக்கலாம், நேரம் நிறுத்தும் இலக்கின் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆடுதளத்துக்கு அடியில் அந்தச் சுவிட்சைத் தேடிப் பார்த்த பிறகே யூனிட்டைத் தொடுங்கள்.

11. 60 ஹெர்ட்ஸ் எந்திரம், 50 ஹெர்ட்ஸ் வீடு

அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நம் ஊரிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் லண்டனிலும் 50. எந்திரத்தில் இருக்கும் மாறுமின் மோட்டாரின் வேகம் அலைவெண்ணைத் தொடரும். 60இலிருந்து 50க்குப் போனால் வேகம் ஏறத்தாழ ஆறில் ஐந்தாகும். 60 நொடி ஆட்டம் 72 நொடியாக நீளும். எந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லாமலேயே இது நடக்கும். கனடாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதைக் கோளாறு என்று நினைத்து நேர யூனிட்டை வளைப்பவர்கள் நல்ல எந்திரத்தைக் கெடுக்கிறார்கள். செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, அப்படியே விட்டு, உங்கள் எந்திரத்தின் உண்மையான நேரத்தை அளந்து அட்டையில் எழுதி ஒட்டுவது. இரண்டு, தொடக்க நேரத்தை மாற்றும் இணைப்பு முனை உங்கள் மாடலில் இருந்தால் படிகளைக் குறைப்பது. மூன்று, 115 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் தரும் சுத்த சைன் அலை இன்வெர்ட்டர் வைப்பது. மூன்றாவது செலவு, ஆனால் எந்திரம் வடிவமைத்த வேகத்தில் ஓடும்.

50 ஹெர்ட்ஸில் எந்திரத்தின் டிரான்ஸ்பார்மரும் கூடுதலாகச் சூடாகும். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓட்டி, பிளக்கை உருவிவிட்டு, சட்டத்தின் மேல் கை வையுங்கள். கை தாங்காவிட்டால் தொடர்ந்து ஓட்ட வேண்டாம். ஸ்டெப் டவுனில் கொஞ்சம் குறைந்த வோல்டேஜ் முனைக்கு மாறுங்கள்.

12. ஸேஃப் கிராக்கர் வைத்திருப்பவர்களுக்கு

இதில் கடிகாரம் மென்பொருளில் ஓடுகிறது, மோட்டாரில் இல்லை. அதனால் அலைவெண் மாற்றம் நேரத்தைப் பாதிக்காது. நேரம் தீர்ந்ததும் ஆட்டம் உடனே நிற்காது, மேலே இருக்கும் பந்து விழும்வரை ஆடலாம். இதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது: சிபியு பலகையில் இருக்கும் மூன்று ஏஏ பேட்டரிகளைப் பார்ப்பது. அவை கசிந்தால் பலகையின் செம்புத் தடங்களை அரித்துவிடும். பேட்டரிப் பெட்டியை ஒயர் போட்டுப் பலகைக்குத் தொலைவில் வையுங்கள், அல்லது பேட்டரி தேவைப்படாத நினைவகச் சிப் போடுங்கள்.

பந்து திரும்புவதில் தடுமாற்றம் இருந்தால் காசுக் கதவைத் திறந்து சோதனைப் பட்டியலில் சுவிட்ச் சோதனைக்குப் போங்கள். பந்துத் தொட்டியில் இருப்பவை ஒளி உணரிகள். அந்தச் சிறு பலகைகளில் ரெசிஸ்டர்களின் சால்டர் விரிசல் விடுவது வழக்கம், மறுபடி சால்டர் செய்தாலே பெரும்பாலும் சரியாகும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "காயில் எதுவும் அடிக்கவில்லை" என்று தேடாதீர்கள். கதவில் இருக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் 50 வோல்ட்டைத் துண்டித்துவிடும். காயில் சோதனைக்கு அந்தச் சுவிட்சை வெளியே இழுத்து வைக்க வேண்டும், அப்போது கை உள்ளே போகக் கூடாது.

வெற்றி பெற்றால் எந்திரம் தரும் டோக்கன் சேகரிப்பாளர்களுக்குப் பொக்கிஷம், 20 வகை உண்டு. அந்த டோக்கனை உள்ளே போட்டால் தனி ஆட்டம் ஒன்று திறக்கும். வளைந்த டோக்கனை மட்டும் ஒருபோதும் உள்ளே விடாதீர்கள், வழியில் சிக்கிக்கொள்ளும்.

13. பலர் கூடி ஆடும்போது

ரசிகர்கள் கூடும் இடத்தில் நேரக்கணக்கு எந்திரம் வைத்தால் ஆட்டத்துக்கு முன் மூன்றை அளந்து எல்லோரும் பார்க்க எழுதி ஒட்டுங்கள்: சாய்வு, மொத்த நேரம், பந்து திரும்பும் நேரம். வேறு எந்திரத்தில் எடுத்த புள்ளியோடு ஒப்பிட இந்த மூன்றும் இல்லாமல் முடியாது. 72 நொடியில் எடுத்த புள்ளியையும் 60 நொடியில் எடுத்ததையும் ஒரே பட்டியலில் போடுவது 60 நொடிக்காரருக்கு அநியாயம்.

பந்து எண்ணி ஆடிப் பழகியவர்களுக்கு முதல் ஆட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்: ஃப்ளிப்பரைத் தூக்கிப் பிடித்துப் பந்தை நிறுத்தி நிதானமாகக் குறிபார்ப்பது இங்கே நேரத்தைத் தின்னும். எறிபாதையில் பந்து நிற்கும்போதும் கடிகாரம் ஓடும் எந்திரமானால், பந்து வந்தவுடனே எறிய வேண்டும். பந்து விழுவதற்கு அஞ்சத் தேவையில்லை, திரும்பி வரும். அதிக நேரம் தரும் இலக்கு எது என்பதை அட்டையில் பார்த்து, முதல் பத்து நொடியில் அதைத் தேடி அடிக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு இருபது ஆட்டத்துக்கும் ஒருமுறை நிறுத்துக் கடிகாரத்தில் மொத்த நேரத்தை மறுபடி அளந்துவிடுங்கள். மோட்டார் சூடேறினால் வேகம் கொஞ்சம் மாறலாம். முதலில் ஆடியவருக்கும் கடைசியில் ஆடியவருக்கும் கிடைத்த நேரத்தில் இரண்டு நொடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் எந்திரத்துக்குக் கால்மணி நேரம் ஓய்வு கொடுத்து, கடைசியாக ஆடியவர்களுக்கு மறுவாய்ப்பு கொடுங்கள்.